ஆரணி அரிசியும் ஐந்து எண்களும்: 18446744073709551615 பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூரை ஒட்டிய ஒரு மேல்நிலைப் பள்ளி. அறிவியல் கண்காட்சியில் கணித அரங்குக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு எல்லோரும் கேட்ட பழைய கணக்குதான். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஓர் அரிசி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு. இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களுக்கும் மொத்தம் எத்தனை அரிசி? அம்பலப்புழைக் கோயிலில் பால்பாயசம் வந்த கதையாகக் கேரளத்தில் சொல்வார்கள். நம் பக்கத்தில் ராஜாவும் புலவரும் வருவார்கள். கதை எதுவானாலும் விடை ஒன்றுதான் இருக்க வேண்டும்.

அன்று ஐந்து விடைகள் இருந்தன. நான்கு மாணவர் குழுக்கள் நான்கு அட்டைகளை வைத்திருந்தன. அரங்கின் வாசலில் ஒரு பிளெக்ஸ் தொங்கியது.

பிளெக்ஸ்: 18446744073709515615
முதல் அட்டை: 18446744073709600000
இரண்டாம் அட்டை: 18446744073709552000
மூன்றாம் அட்டை: 18446744073709551616
நான்காம் அட்டை: 18446744073709551615

ஐந்துக்கும் இருபது இலக்கங்கள். முதல் பதினான்கு இலக்கங்கள் ஐந்திலும் ஒன்றே. வந்து போன பெற்றோர்கள் வாயைப் பிளந்துவிட்டு நகர்ந்தார்கள். அவ்வளவு நீளமான எண்ணைக் கடைசி வரை யார் படிக்கப்போகிறார்கள்? கவனித்தவர் ஒரு மாணவியின் பாட்டனார். அந்தக் காலத்தில் அரிசி மண்டியில் கணக்கு எழுதியவராம். வாசலில் ஒன்று, உள்ளே வேறொன்று என்று அவர் கேட்டதும் தலைமையாசிரியை நடுவர்களைக் கூப்பிட்டார். எது சரி என்று சொன்னால் மட்டும் போதாது, மற்ற நான்கும் ஏன் தவறு, எங்கிருந்து வந்தன என்றும் எழுத்தில் வேண்டும் என்றார். நடுவர்களில் நானும் ஒருவன். அப்போது எழுதிய அறிக்கையின் விரிவுதான் இது.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். நம் முறையில் எழுதினால் 1,84,467 கோடி கோடியும், 44,07,370 கோடியும், 95,51,615-உம் சேர்ந்தது இந்த எண். மெல்லிய ஆரணிப் பொன்னி அரிசி ஆயிரம் எண்ணினால் சுமார் 15 கிராம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் ஏறக்குறைய 27,670 கோடி டன். இன்று உலகம் முழுதும் விளையும் அரிசியின் கணக்கில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட விளைச்சல். 25 கிலோ சிப்பமாகக் கட்டினால் 11 லட்சம் கோடிச் சிப்பங்கள். (பழைய வடாற்காடு 1989-இல் பிரிந்தபோது ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. வேலூர் வீடுகளில் உலை கொதிப்பது இன்னமும் ஆரணி அரிசிக்குத்தான்.) பிரமிப்பு இத்தோடு போதும். ஒரு பெரிய எண்ணைப் பார்த்து வியப்பது சுலபம். அதைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதில்தான் கணிதம் இருக்கிறது.

நான்காம் அட்டைக்காரர்கள் பத்தாம் வகுப்பு மாணவிகள் மூவர். கணிப்பானைத் தொடாமல் கையால் போட்டிருந்தார்கள். வழி சுருக்கமானது. ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டிப்பதால் 64 கட்டங்களின் கூட்டல் 2⁶⁴ − 1. அவர்கள் பாடப்புத்தகத்தில் பெருக்குத் தொடர் என்று வருவதுதான். 2⁸ என்பது 256. அதன் வர்க்கம் 65536. அதன் வர்க்கம் 4294967296. அதை இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ வந்துவிடும். அறுபத்து மூன்று முறை இரட்டிப்பதற்குப் பதில் கடைசியில் ஒரே ஒரு பெரிய பெருக்கல். அந்தப் பெருக்கலை அவர்கள் போட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. பத்து இலக்க எண்ணை ஐந்து ஐந்தாக வெட்டினார்கள்: 42949, 67296. பிறகு (அ + ஆ)² சூத்திரம்.

42949² = 1844616601
2 × 42949 × 67296 = 5780591808
67296² = 4528751616

முதல் வரிக்குப் பின்னால் பத்துச் சுழியங்கள், இரண்டாவதற்குப் பின்னால் ஐந்து, மூன்றாவதை அப்படியே. மூன்றையும் கூட்டினால் 18446744073709551616. ஒன்றைக் கழித்தால் அட்டையில் இருந்த எண். தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் ஒன்பதால் வகுத்த மீதியைச் சின்னதாக எழுதிச் சரிபார்த்திருந்தார்கள். கண்காட்சியில் வைக்க வேண்டியது அந்தத் தாளைத்தான். அதை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, வண்ணம் தீட்டிய அட்டையை மட்டும் மேலே வைத்திருந்தார்கள்.

மூன்றாம் அட்டையின் கதை ஒரு வரியில் முடிந்துவிடும். அது 2⁶⁴, ஒன்றைக் கழிக்க மறந்துவிட்டார்கள். 65-ஆம் கட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் வைக்க வேண்டிய அரிசி அது.

முதல் அட்டைக்காரன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். விரிதாளில் 64 வரிசைகள் போட்டு, ஒரு பத்தியில் கட்டத்தின் அரிசி, அடுத்த பத்தியில் அதுவரை சேர்ந்த மொத்தம் என்று ஒழுங்காகச் செய்திருந்தான். அச்செடுத்த தாளைக் கையோடு வைத்திருந்தான். நீ போட்டது தவறு என்றதும் ஒத்துக்கொள்ளவில்லை. வாதாடினான், நன்றாகவே வாதாடினான்.

"சார், என் எண்ணை ஒன்பதால் வகுத்தால் மீதி 7. 2⁶⁴-ஐ ஒன்பதால் வகுத்தாலும் மீதி 7. கம்ப்யூட்டர் அந்த ஒன்றைக் கழிக்காமல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். மற்றபடி எண் சரி."

இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தோம். 70 வந்தது, ஒன்பதால் வகுத்தால் மீதி 7. 2-இன் அடுக்குகளை ஒன்பதால் வகுத்தால் மீதிகள் 2, 4, 8, 7, 5, 1 என்று ஆறுக்கு ஒருமுறை சுற்றி வரும். 64-ஐ ஆறால் வகுத்தால் மீதி 4. ஆகவே நான்காவதாக வரும் 7. பையன் சொன்னது உண்மை. அவனே இன்னொன்றும் செய்து வைத்திருந்தான்: ஏழால் வகுத்த மீதி. அவன் எண்ணுக்கு 2, 2⁶⁴-க்கும் 2. இரண்டு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுத்துவிட்டார்கள்.

அவன் எண் சுழியத்தில் முடிகிறது, ஆகவே அது ஐந்தால் வகுபடும், 2-ஐ மட்டுமே பெருக்கி உண்டான எண்ணில் ஐந்து எப்படி நுழையும் என்று கேட்டு அங்கேயே முடித்திருக்கலாம். உடன் இருந்த நடுவர் டீச்சர் அப்படிச் செய்யவில்லை. "பதினொன்றால் வகுத்துப் பார்த்தாயா, தம்பி?" என்று கேட்டார். வலமிருந்து இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தான். அவன் எண் பதினொன்றால் மீதியில்லாமல் வகுபட்டது. 2-இன் எந்த அடுக்கும் அப்படி வகுபடாது. பதிமூன்றிலும் பொருந்தவில்லை: அவனுக்கு 1, வர வேண்டியது 3.

ஒன்பதும் ஏழும் ஏன் பொய்ச்சாட்சி சொல்லின? அவன் எண்ணிலிருந்து 2⁶⁴-ஐக் கழித்தால் வருவது 48384. அதைக் காரணிப்படுத்தினால் 2⁸ × 3³ × 7. பிழையே ஒன்பதின் மடங்கு, ஏழின் மடங்கு. ஒரு சோதனை எண்ணால் வகுபடும் பிழையை அந்தச் சோதனையால் பார்க்கவே முடியாது. 63-இன் மடங்காக ஒரு பிழை வாய்ப்பது அறுபத்து மூன்றில் ஒரு வாய்ப்பு. பையனுக்கு அது வாய்த்தது. இதை அவனுடைய துரதிர்ஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. வேறு எந்தப் பிழை செய்திருந்தாலும் அந்த அரங்கில் இவ்வளவு கற்றிருக்க மாட்டோம்.

பிழை எங்கே உள்ளே வந்தது என்பது அவன் அச்செடுத்த தாளிலேயே இருந்தது. 50-ஆம் வரிசை வரை எல்லாம் சரி: 562949953421312, பதினைந்து இலக்கங்கள். 51-ஆம் வரிசையில் 1125899906842624 வர வேண்டும். தாளில் இருந்தது 1125899906842620. 53-ஆம் வரிசை இரண்டு சுழியங்களில் முடிந்தது. இரட்டித்துக்கொண்டே போகும் எண்களின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்றுதான் சுழலும். சுழியம் தலைகாட்டிய இடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். விரிதாள் பதினைந்து இலக்கங்களுக்கு மேல் காட்டாது; மிச்சத்தைச் சுழியத்தால் நிரப்பிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கணினிக்கு உள்ளே இருந்த எண் அட்டையில் இருந்ததைவிட எவ்வளவோ நல்லது. இத்தகைய செயலிகள் ஒரு எண்ணை 53 இரும இலக்கங்களில் சேமிக்கின்றன. 2⁶⁴ என்பது இரும முறையில் ஒரு 1-உம் 64 சுழியங்களும். அதைச் சேமிக்கச் சிரமமே இல்லை. 2⁶⁴ − 1 என்பது 64 ஒன்றுகள் வரிசையாக. அது 53 இடங்களில் அடங்காது. ஆகவே சேர்ந்த மொத்தத்தின் பத்தியில் 53-ஆம் கட்டம் வரை கணக்கு துல்லியம். 54-ஆம் கட்டத்தில் 2⁵⁴ − 1 வர வேண்டிய இடத்தில் 2⁵⁴ என்று திருத்திக்கொண்டது. முதல் கட்டத்தில் வைத்த அந்த ஒற்றை அரிசிக்கு ஈடான ஒன்று கூடுதலாக நுழைந்தது அங்கேதான். அதற்குப் பிறகு புதிய பிழை எதுவும் சேரவில்லை. கடைசியில் உள்ளே இருந்தது மிகச் சரியாக 2⁶⁴. வெளியே காட்டும்போதுதான் 48384 கூடியது. ஆக, கம்ப்யூட்டர் ஒன்றைக் கழிக்காமல் விட்டது என்று பையன் சொன்னதில் பாதி உண்மை.

இரண்டாம் அட்டையும் இதே குடும்பம். கைபேசி உலாவியில் ஜாவாஸ்கிரிப்டைக் கொண்டு கணக்கிட்டிருந்தார்கள். அது உள்ளே 2⁶⁴-ஐத்தான் வைத்திருக்கிறது. அச்சிடும்போது, மற்ற எண்களோடு குழம்பாத அளவுக்கு வேண்டிய இலக்கங்களை மட்டும் எழுதிவிட்டு மிச்சத்துக்குச் சுழியம் போடுகிறது. பிழை 384. ஒன்பதின் மீதி 4 என்று வந்ததால் அதைப் பிடிக்க ஒரே நிமிடம் போதுமாக இருந்தது.

"அரை கிலோ முன்னே பின்னே இருந்தால் என்ன?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்விதான். 48384 அரிசியின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 27,670 கோடி டன்னில் முக்கால் கிலோவை எந்த மண்டியும் மன்னித்துவிடும். எடை என்று பார்த்தால் ஐந்து விடைகளும் ஒன்றே. எண் என்று பார்த்தால் ஐந்தும் ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத ஐந்து பேர். சரியான எண்ணின் குணங்களைப் பார்த்தால் அது விளங்கும்.

பலகையின் முதல் இரண்டு கட்டங்களின் கூட்டல் 3. அடுத்த இரண்டு கட்டங்கள் 4-உம் 8-உம். அதாவது முதல் இரண்டைப் போல நான்கு மடங்கு. ஆகவே நான்கு கட்டங்களின் மொத்தம் 3 × 5 = 15. அடுத்த நான்கு கட்டங்கள் அதைப் போல 16 மடங்கு; ஆகவே முதல் வரிசை முழுதும் 15 × 17 = 255. இரண்டாம் வரிசை முதல் வரிசையைப் போல 256 மடங்கு; இரண்டும் சேர்ந்து 255 × 257 = 65535. நான்கு வரிசைகள் 65535 × 65537 = 4294967295. பலகையின் கீழ்ப்பாதி மேல்பாதியைப் போல 4294967296 மடங்கு. ஆகவே முழுப் பலகை 4294967295 × 4294967297. பாதி பாதியாகச் சேர்த்துக்கொண்டே போவதுதான் முறை. ஒவ்வொரு முறையும் ஒரு காரணி தானாக விழுகிறது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவது? ஃபெர்மா பதினேழாம் நூற்றாண்டில், இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று நம்பினார். 1732-இல் ஆய்லர் அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தார்: 4294967297 = 641 × 6700417. இதைப் பெருக்கிப் பார்த்துச் சரிபார்ப்பது எளிது. பெருக்காமலே காட்டும் வழி ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் படித்தவர்களுக்கு அது எட்டும். 641 என்பது 5 × 2⁷ + 1. 641 என்பது 5⁴ + 2⁴-உம் கூட. முதலாவதின்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1 போல நடந்துகொள்ளும். அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸ என்பது 1 போல. இரண்டாவதின்படி, 5⁴ என்பது −2⁴ போல. இதை அதில் வைத்தால் −2³² என்பது 1 போல. அதாவது 2³² + 1 மீதியில்லாமல் வகுபடும். இரண்டே வரிகள். மாணவிகளில் ஒருத்தி இதைக் கரும்பலகையில் எழுதிக்காட்டியபோது, பாட்டனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆக நம் எண்ணுக்கு ஏழு பகாக் காரணிகள்: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஆகவே மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் மொத்தம் 2⁷ = 128. இவ்வளவு பெரிய எண் இவ்வளவு எளிதாக உடைவது அபூர்வம். முதல் ஐந்து காரணிகளின் பெருக்கலான 4294967295-க்கு ஒரு தனிச் சிறப்பும் இருக்கிறது. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையக்கூடிய ஒழுங்குப் பலகோணங்களில், இன்று வரை தெரிந்த மிகப் பெரிய ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கை அதுதான். பதினேழு பக்க உருவத்தை அப்படி வரைய முடியும் என்று காஸ் 1796-இல் காட்டிய வழியில் வருவது.

இப்போது அட்டைகளுக்குத் திரும்பலாம். சரியான எண் 3-ஆல் வகுபட வேண்டும். நான்காம் அட்டையின் இலக்கக் கூட்டல் 87; வகுபடுகிறது. மற்ற மூன்று அட்டைகளும் 70, 76, 88, ஒன்றும் வகுபடவில்லை. நான்கு அட்டைகளையும் பிரிக்க மூன்றாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும். சோதனை இவ்வளவு எளிது என்று தெரிந்ததும் அரங்கில் ஒரே உற்சாகம்.

அந்த உற்சாகத்தோடு வாசலுக்குப் போய் பிளெக்ஸைச் சோதித்தார்கள். இலக்கக் கூட்டல் 87. மூன்றால் வகுபட்டது. ஐந்தில் முடிகிறது, ஐந்தாலும் வகுபட்டது. ஒன்பதின் மீதி 6, சரியான எண்ணுக்கும் அதுவே. அப்படியானால் பிளெக்ஸும் சரியா?

இல்லை. கடைசி ஏழு இலக்கங்கள் 9551615 என்று இருக்க வேண்டியது, 9515615 என்று இருந்தது. தட்டச்சு செய்தவர் ஒரு ஐந்தையும் ஒன்றையும் இடம் மாற்றிவிட்டார். இலக்கங்கள் அதே இலக்கங்கள்; கூட்டல் எப்படி மாறும்? அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் பிழை எப்போதும் ஒன்பதின் மடங்கு. இங்கே 36000. கணக்குப்பிள்ளைகளின் பேரேட்டில் அதிகம் நடக்கும் பிழையும் இதுதான்; ஒன்பது சோதனையின் கண்ணில் ஒருபோதும் படாத பிழையும் இதுதான். பத்தாம் நூற்றாண்டில் இரண்டாம் ஆரியபட்டர் மகாசித்தாந்தத்தில் சொல்லிவைத்த அந்தச் சோதனையை நம்மவர்கள் ஆயிரம் ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். நல்ல சோதனைதான். தனியாக விட்டால் ஏமாந்துவிடும். பதினொன்று ஏமாறாது: பக்கத்து இலக்கங்கள் வேறு வேறாக இருந்து இடம் மாறினால் பதினொன்றின் மீதி கட்டாயம் மாறும். பிளெக்ஸுக்கு 7 வந்தது. வர வேண்டியது 4.

ஒன்பதையும் பதினொன்றையும் ஒரே மூச்சில் பார்க்க 99 போதும். எண்ணை வலமிருந்து இரண்டிரண்டாக வெட்டிக் கூட்ட வேண்டும். சரியான எண்ணுக்கு

18 + 44 + 67 + 44 + 07 + 37 + 09 + 55 + 16 + 15 = 312

312-ஐ 99-ஆல் வகுத்தால் மீதி 15. மூன்றாம் அட்டைக்கு 16, முதல் அட்டைக்கு 88, இரண்டாம் அட்டைக்கு 4, பிளெக்ஸுக்கு 51. ஐந்துக்கும் ஐந்து வேறு மீதிகள். அறிக்கையில் நான் அட்டவணையாகப் போட்டது இந்த ஒரு வரியைத்தான்.

பாட்டனார் இங்கே ஒரு கேள்வி கேட்டார். அன்று கேட்கப்பட்ட கேள்விகளில் சிறந்தது அது. "ஐயா, மீதி 15. எண்ணின் கடைசியிலும் 15. முதல் நான்கு கட்டத்தின் கூட்டலும் 15. இதெல்லாம் தற்செயலா?"

தற்செயல் இல்லை. மூன்று மூன்றாக வெட்டி மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் 1001-இன் மீதி கிடைக்கும்: 615 − 551 + 709 − 73 + 744 − 446 + 18 = 1016; அதாவது மீண்டும் 15. முதல் நான்கு கட்டங்களை ஒதுக்கிவிட்டால் மிச்சம் 60 கட்டங்கள்; அவற்றின் மொத்தம் 16 × (2⁶⁰ − 1). இந்த 60-இல்தான் விஷயம் இருக்கிறது. 2-இன் அடுக்குகளின் மீதி ஏழில் மூன்றுக்கு ஒருமுறை சுழலும்; ஒன்பதில் ஆறுக்கு ஒருமுறை, பதினொன்றில் பத்துக்கு, பதிமூன்றில் பன்னிரண்டுக்கு, இருபத்தைந்தில் இருபதுக்கு, முப்பத்தொன்றில் ஐந்துக்கு. எல்லாச் சுற்றுகளும் 60-ஐ மீதியில்லாமல் வகுக்கின்றன. ஆகவே 60 கட்டங்கள் இந்த வகுத்திகளுக்கு எதிரே சுழியமாகிவிடுகின்றன. மிஞ்சுவது முதல் நான்கு கட்டங்களின் 15 மட்டும். 41-க்கும் 61-க்கும்கூட இதே 15. நூறால் வகுத்தாலும் 15. எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் அப்படி வந்தவை. பதினேழு மட்டும் இந்தக் கூட்டணியில் சேராது. அதன் சுற்று எட்டு. எட்டு 60-ஐ வகுக்காது, 64-ஐ வகுக்கும். அதனால் அங்கே மீதியே இல்லை.

27,670 கோடி டன் அரிசியைச் சோதிக்க நான்கு கட்டங்களில் கிடந்த பதினைந்து அரிசிகள் போதும். மண்டியில் மூட்டையைக் குத்தி ஒரு கைப்பிடி மாதிரி எடுத்துப் பார்ப்பது போல என்றார் பாட்டனார். மாதிரி சில சமயம் பொய் சொல்லும், இது சொல்லாது என்று டீச்சர் திருத்தினார்.

தீர்ப்பு எழுதுவதில் சிக்கல் இல்லை. நான்காம் அட்டைக்கு முதல் பரிசு. இரண்டாம் பரிசு விரிதாள் பையனுக்கு. தவறான விடைக்கு ஏன் பரிசு என்று முணுமுணுப்பு எழுந்தது. 54-ஆம் கட்டத்தில் நடந்ததைத் தன் தாளிலிருந்தே விளக்க அவன் ஒப்புக்கொண்டான், அந்த விளக்கத்துக்கே பரிசு என்று பதிவு செய்தோம். பிளெக்ஸை மாற்றப் பணம் இல்லை. தவறான இரண்டு இலக்கங்களின் மேல் காகிதம் ஒட்டி எழுதினார்கள், பக்கத்தில் "பிழை 36000, எந்தச் சோதனை பிடிக்கும்?" என்று ஒரு கேள்வியையும் எழுதிவைத்தார்கள். அதற்குப் பிறகு வாசலில்தான் கூட்டம்.

அறிக்கையில் இடம் பெறாத ஒன்று பாக்கி இருக்கிறது. நம் எண்ணுக்கு இரண்டு அண்டைவீட்டார். 616-இல் முடிவது 2⁶⁴. அதில் 2-ஐத் தவிர வேறு காரணி கிடையாது. அதற்கு அடுத்தது 617-இல் முடியும் 2⁶⁴ + 1. ஃபெர்மாவின் வரிசையில் அடுத்த எண். 615 ஏழு துண்டுகளாகச் சிதறுகிறது. 617 கல்லு மாதிரி நின்றது. 1880-இல் லாந்த்ரி அதை உடைத்தார்: 274177 × 67280421310721. இரண்டே பகா எண்கள்.

அந்தப் பெருக்கலைப் போட மாணவிகள் உட்கார்ந்தார்கள். வேண்டாம், மீதியை மட்டும் பின்தொடருங்கள் என்றார் டீச்சர். 2¹⁶ என்பது 65536. அதன் வர்க்கம் 4294967296-ஐ 274177-ஆல் வகுத்தால் மீதி 258768. அது 274177-க்கு 15409 குறைவு. ஆகவே 2³² என்பது −15409 போல. இன்னும் ஒரே ஒரு வர்க்கம். 15409 × 15409 = 237437281 என்று ஒருத்தி சொன்னாள். 274177 × 866 = 237437282 என்று இன்னொருத்தி எழுதினாள். ஒன்று இடித்தது. யாரோ தவறாகப் போட்டிருக்கிறார்கள் என்று இருவரும் மறுபடி பெருக்கப் போனார்கள். விரிதாள் பையன்தான் தடுத்தான்: இடிப்பது அந்த −1 தான், 2⁶⁴-ஓடு கூட்ட வேண்டிய ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது, அதைக் கூட்டினால் சரியாகிவிடும் என்றான்.